கியூகென்ஹாஃப்: பாதி நாள் தோட்டத்துக்குள், பாதி நாள் வேலிக்கு வெளியே

நெதர்லாந்தில் பிள்ளைகள் இருந்து, ஏப்ரலில் அவர்களைப் பார்க்கப் போகிற பெற்றோரை எப்படியும் ஒரு நாள் லிஸ்ஸே ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அங்கேதான் கியூகென்ஹாஃப் துலிப் தோட்டம் இருக்கிறது. எங்களையும் மகள் கூட்டிப் போனாள். போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். குழந்தை, நடுவயது, கிழடு என்று மூன்று தலைமுறையும் யாரும் யாரையும் இழுக்காமல் ஒரு பகலைக் கழிக்க இதைவிடத் தோதான இடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தோட்டத்துக்குள்ளேயே சுற்றிவிட்டு பஸ் ஏறினால், விஷயத்தில் பாதியைத்தான் பார்த்ததாக அர்த்தம். மிச்சம் வேலிக்கு வெளியே இருக்கிறது.

நான் சத்தியமங்கலம் பக்கம் உதவி தோட்டக்கலை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். மல்லி, முல்லை, சம்பங்கி என்று பூவோடுதான் உத்தியோக காலம் போனது. அதனால் ஒரு பூவைப் பார்த்தால், அழகாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், என்ன மண், எத்தனை மாதப் பயிர், யார் வாங்குகிறார்கள் என்று கேட்டுவிடுவேன். மகளுக்கு இது சின்ன வயதிலிருந்தே பழகிப்போன தொல்லை. பேத்திக்குப் புதுசு, அதனால் அவளுக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

தோட்டத்தின் பரப்பு 32 ஹெக்டேர், நம் கணக்கில் 79 ஏக்கர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 லட்சம் பூக்கிழங்குகளை நடுகிறார்கள். மெஷின் இல்லை, எல்லாம் கை நடவு. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை நடவு நடக்கும். மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து மே இரண்டாம் வாரம் வரை, எட்டு வாரம் போலத் தோட்டம் திறந்திருக்கும். அப்புறம் அத்தனை கிழங்கையும் தோண்டி எடுத்துவிட்டு, அடுத்த வருஷத்துக்கு வேறு வடிவத்தில் பாத்தி போடுவார்கள். 1949-இல் அந்த வட்டாரத்துக் கிழங்கு விவசாயிகளும் ஏற்றுமதிக்காரர்களும் இருபது பேர் சேர்ந்து, தங்கள் சரக்கை வாங்குகிறவர்களுக்குக் காட்டத் திறந்தவெளிக் கண்காட்சியாக ஆரம்பித்தது இது. 1950-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்றைக்கும் நூறு பேர் அளவில் விவசாயிகள் கிழங்கு கொடுக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தால் தோட்டமே வேறு மாதிரி தெரியும். ஒவ்வொரு பாத்தியிலும் ரகத்தின் பெயர்ப்பலகை ஏன் இருக்கிறது என்பது புரியும்.

மகள் வீடு ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனில். அங்கே நம் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். மளிகைக் கடையில் கறிவேப்பிலையே கிடைக்கிறது. அங்கிருந்து ஸ்கிபோல் விமான நிலையம் போய், 858-ஆம் எண் பஸ் பிடித்தால் தோட்ட வாசலில் இறக்கிவிடும். லெய்டன் ரயில் நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கு 854. நுழைவுச் சீட்டைக் கணினியிலேயே நேரம் குறித்து வாங்க வேண்டும். பெரியவருக்கு 20 யூரோ அளவில், 4 முதல் 17 வயது வரை அதில் பாதி, நாலு வயதுக்குக் கீழே இலவசம். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், பார்த்தால் பூ கண்ணுக்குத் தெரியாது. உள்ளே நுழைகிற நேரத்துக்குத்தான் கட்டுப்பாடு. போனபின் எவ்வளவு நேரமும் இருக்கலாம். காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். அந்த முதல் சீட்டையே வாங்குங்கள். எட்டு வாரத்தில் 14 லட்சம் பேர் அளவில் வந்து போகிற இடம். பதினொரு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்க ஆரம்பித்துவிடும்.

வாசலைத் தாண்டியதும் ஒரு பெரிய தெரு ஆர்கன் இருந்தது. வண்ணம் பூசிய மர முகப்பு, சின்னச் சின்ன பொம்மைகள், உள்ளே வரிசையாகக் குழல்கள். பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பின்பக்கம் போய்ப் பார்த்தால், அட்டையில் துளை போட்டு விசிறி மடிப்பாக மடித்து வைத்த கட்டு ஒன்று, மெல்ல நகர்ந்து இயந்திரத்துக்குள் போய் மறுபக்கம் மடிந்து விழுகிறது. எந்த இடத்தில் துளையோ அந்தக் குழல் ஊதுகிறது. பேரனுக்கு நாலு வயது இன்னும் நிரம்பவில்லை. அவன் அந்த அட்டை முடிகிற வரை நகரமாட்டேன் என்று நின்றுவிட்டான். யாரும் அவசரப்படுத்தவில்லை. இங்கே அது முக்கியம். "வா வா, பூ பார்க்கணும்" என்று கையைப் பிடித்து இழுத்தால் அன்றைக்கு முழுக்க இழுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளுக்கு என்று உள்ளே தனியாகவே ஏற்பாடுகள் உண்டு. புதிர் தேடும் விளையாட்டு, செடிகளால் ஆன ஒரு சுற்றுவழி, விளையாட்டுத் திடல், ஆடுகளைத் தொட்டுப் பார்க்கிற சின்னப் பண்ணை. ஆட்டுப்பண்ணையைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. எங்கள் ஊரில் ஆடு ரோட்டிலேயே நிற்கிறது. ஆனால் குளத்துக்குள் கல் போட்டு, அதன்மேல் தாவித் தாவி நடந்து போகிற வழி ஒன்று இருக்கிறது, அதற்கு ஈடு இல்லை. பேத்தி போனாள், வந்தாள், மறுபடி போனாள். மாப்பிள்ளை அலுவலகத்துக் கவலையெல்லாம் முகத்தில் வைத்துக்கொண்டே வந்தவர், பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அந்தக் கல்மேல் நடந்தபோதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "மாமா, நீங்களும் வாங்க" என்றார். எனக்கு முழங்கால் வலி. கரையில் பெஞ்சு இருந்தது.

பெஞ்சுகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தரை முழுக்கச் சமதளம், ஏற்ற இறக்கம் பெயருக்குத்தான். கொஞ்ச தூரம் நடந்தால் உட்கார இடம் இருக்கிறது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளலாம். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது குளிருக்குத்தான். நம் ஊரில் ஏப்ரல் என்றால் வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம். அங்கே காலையில் எட்டு டிகிரி, பத்து டிகிரி என்று இருக்கும், மழைத்தூறலும் காற்றும் சொல்லாமல் வரும். என் வீட்டம்மா சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மகளுடைய மழைக்கோட்டு, காலில் சாக்ஸும் ஷூவும் என்று வந்தார்.

அவருக்கு துலிப் பிடிக்கவில்லை. முகர்ந்து பார்த்தார், மணமே இல்லை. "ஏனுங்க, மணக்காத பூவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கொஞ்சம் தள்ளிப் போனதும் ஒரு திருப்பத்தில் காற்று மாறி அடித்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். நீலமும் வெள்ளையுமாக ஹையசிந்த் பாத்தி. ஒரு தண்டைச் சுற்றி முழுக்கக் கொத்தாகப் பூ, தெரு முனை வரைக்கும் வருகிற வாசனை. குனிந்து பார்த்தவர், "நம்ம சம்பங்கிக்குத் தங்கச்சிங்க இது" என்றார். தாவரவியல் அவர் படிக்கவில்லை. ஆனால் சம்பங்கியும் ஹையசிந்தும் ஒரே குடும்பம்தான், இரண்டும் அஸ்பராகேசியே. அதற்கப்புறம் ஹையசிந்த் பாத்தி எங்கே என்று தேடித் தேடிப் போவதே அவருக்கு வேலையாகிவிட்டது. பேத்தியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். ஒருத்தி முகர்ந்து கண்டுபிடிப்பது, ஒருத்தி பலகையைப் படித்துச் சொல்வது. தோட்டத்துக்காரர்கள் அச்சடித்துக் கொடுக்கிற புதிரைவிட இது நன்றாக ஓடியது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அடுக்கு நடவு. ஒரே குழியில் ஆழமாகப் பிந்திப் பூக்கிற துலிப், அதற்கு மேல் முந்திப் பூக்கிற ரகம், மண்ணுக்குக் கொஞ்சம் கீழே குரோக்கஸ் என்ற சின்னப் பூச்செடி. மார்ச்சில் மேலடுக்கு பூத்து அடங்கும்போது அடுத்தது முளைத்து வருகிறது. எட்டு வாரமும் பாத்தி வெறுமையாகத் தெரியாமல் இருப்பதன் சூட்சுமம் இதுதான். கிழங்கின் பருமனையும் பூக்கிற நாளையும் கணக்குப் போட்டு வைக்காமல் இது நடக்காது. சில்லறை வேலை இல்லை.

பழைய ரகங்களுக்கு என்று ஒரு மூலை உண்டு. துலிப் இந்த மண்ணின் பூவே அல்ல. மத்திய ஆசிய மலைகளிலிருந்து துருக்கி வழியாக வந்தது. 1590-களில் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் கார்லஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் நட்டு வளர்த்தார். அடுத்த நாற்பது வருஷத்துக்குள் ஒரு கிழங்குக்கு ஒரு வீட்டு விலை பேசுகிற அளவுக்குப் பைத்தியம் முற்றி, 1637 பிப்ரவரியில் சந்தை சரிந்தது. அன்றைக்கு அதிக விலை போனவை வெள்ளையில் சிவப்புத் தீற்றல் விழுந்த பூக்கள். அந்தத் தீற்றல் ஒரு வைரஸ் நோய், பரப்பியது அசுவினிப் பூச்சி. இருபதாம் நூற்றாண்டில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். வாழ்நாள் முழுக்க அசுவினிக்கு மருந்து அடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்த எனக்கு, அசுவினி கடித்த செடிக்கு வீடு வாசலை விற்றுக் கொடுத்தார்கள் என்று கேட்டபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. பேத்திக்குச் சொன்னேன். "அப்போ பூச்சிக்குத்தானே காசு கொடுத்திருக்கணும் அப்புச்சி?" என்றாள்.

சாப்பாட்டுக்கு நாங்கள் கட்டுச்சோறு கொண்டு போயிருந்தோம். புளிசோறு, தயிர்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உள்ளே உணவகங்கள் இருக்கின்றன. அந்த நாட்டில் வெளியே ஐந்து பேர் சாப்பிட்டால் எவ்வளவு ஆகுமோ அவ்வளவு ஆகும். ஒன்று மட்டும் வாங்கிச் சாப்பிடுங்கள், பொஃபர்ட்ஜஸ். குழிக்கல்லில் மாவு ஊற்றித் திருப்பிப் போட்டு, வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் தூவித் தருகிறார்கள். நம் பணியாரத்தைத் தட்டையாக்கிய மாதிரி இருக்கும். வீட்டம்மா கல்லைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

தோட்டத்துக்குள் ஒரு காற்றாலை உண்டு. 1892-இல் குரோனிங்கன் பகுதியில் தண்ணீர் இறைக்கக் கட்டியது. 1957-இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேலே ஏறினால் வேலிக்கு வெளியே வயல்கள் பட்டை பட்டையாக விரிந்து கிடப்பது தெரியும். அந்த இடத்தில்தான் நான் சொன்னேன், இனி உள்ளே போதும், வெளியே போகலாம் என்று. காற்றாலைக்குப் பக்கத்திலிருந்து மின்சாரப் படகு ஒன்று முக்கால் மணி நேரம் வாய்க்கால் வழியாக வயல்களுக்கு நடுவே கூட்டிப் போகிறது. சத்தமே இல்லாத படகு. அதற்குத் தனிக் கட்டணம். மகளும் வீட்டம்மாவும் அதில் போனார்கள். அம்மாவும் மகளும் முக்கால் மணி நேரம் வேறு யாருமில்லாமல் உட்கார்ந்து பேச வாய்த்தது, படகுக் கூலி அதற்கே சரி. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் வந்தபின் எல்லாருமாக வெளியே வந்தோம். பக்கத்தில் வாடகை சைக்கிள் கிடைக்கிறது. முன்பக்கம் மரப்பெட்டி வைத்த சைக்கிள் ஒன்று உண்டு, குழந்தைகளைப் பெட்டிக்குள் உட்கார வைத்து ஓட்டலாம். பேரன் அதில் ராஜா. நானும் ஒரு சைக்கிள் எடுத்தேன்; நடக்கத்தான் முழங்கால் தகராறு செய்யும், மிதிக்கச் செய்யாது. பெண்கள் இருவரும் பக்கத்தில் காப்பி குடிக்க உட்கார்ந்துகொண்டார்கள். குறுகிய சுற்று ஒன்றைப் பார்த்துக் கிளம்பினோம். பாதை தட்டையானது. ஆனால் எதிர்க்காற்று அடித்தால் மேட்டில் மிதிப்பதுதான்.

வயல் ஓரத்தில் போகிறபோது ஒரு இயந்திரம் வரிசை மேல் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. பின்னால் பார்த்தால் பூ இல்லை. தண்டும் இலையும் நிற்கின்றன, பூத்தலைகள் எல்லாம் சால் இடுக்கில் சிதறிக் கிடக்கின்றன. சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு மறுபடி சிவப்பு. பேத்தி சைக்கிளை நிறுத்திவிட்டாள். "அப்புச்சி, ஏன் நல்ல பூவை வெட்டிப் போடறாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் வெளியே வரச் சொல்கிறேன். எங்கள் சத்தியமங்கலத்தில், சத்தி என்போம், பூதான் சரக்கு. விடிவதற்கு முன்னால் போய் மொட்டாகப் பறித்து, சந்தைக்குக் கொண்டு போய் ஏலம் விட்டு, மத்தியானத்துக்குள் காசாக்க வேண்டும். லிஸ்ஸேயில் இந்த வயல்களுக்குக் கிழங்குதான் சரக்கு. பூவைச் செடியிலேயே விட்டால் அது விதை பிடிக்கப் போய்விடும். தலையைக் கிள்ளிவிட்டால் இலை தயாரிக்கிற சத்தெல்லாம் கீழே இறங்கிக் கிழங்கு பருக்கும். அப்படியென்றால் பூக்கவே விடுவானேன் என்றால், பூத்தால்தான் ரகக் கலப்பு இருக்கிறதா, வைரஸ் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, கெட்ட செடியைப் பிடுங்கி எறிய முடியும். அதைப் பார்த்து முடித்ததும் வெட்டு. ஜூன், ஜூலையில் கிழங்கைத் தோண்டி, காய வைத்து, சுற்றளவு பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். 12 செ.மீ.க்கு மேல் இருந்தால் நல்ல விலை. சிறுசுகள் மறுபடி விதைக்கிழங்காக மண்ணுக்கே போகும்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டாள். கிழங்கைச் சாப்பிட முடியுமா? சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல், இந்த நாட்டின் மேற்குப் பகுதியில் உணவு கிடைக்காமல் ஜனங்கள் துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். மாப்பிள்ளைக்கு அது தெரியாது. பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் இருக்கிறார். மூன்று பேரும் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். பேரன் பெட்டிக்குள் தூங்கிப்போனான். சத்தியில் சம்பங்கிக் கிழங்கை எப்படிப் பிரித்து நடுவோம், பிரஜ்வல் ரகம் வந்தபிறகு என்ன ஆனது, முகூர்த்த நாளில் விலை எப்படி எகிறும், தை மாதப் பனியில் மல்லி ஏன் கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். வாரா வாரம் வீடியோ காலில் "சாப்டீங்களா, மழை இருக்குதா" என்பதைத் தாண்டாத பேச்சு, அங்கே ஒரு மணி நேரம் தாண்டி ஓடியது.

ஒரு எச்சரிக்கை. வயலுக்குள் இறங்காதீர்கள். பூவுக்கு நடுவில் நின்று படம் எடுக்க இறங்குகிறவர்களை நாங்களே பார்த்தோம். மிதிபடுவது பூ மட்டுமில்லை, வெளியிலிருந்து செருப்போடு மண் நோயும் போகும். சத்தியில் யாராவது சுற்றுலா வந்து சம்பங்கிக் காட்டுக்குள் நடந்தால் தோட்டக்காரர் என்ன சொல்வாரோ, அதையே அங்கேயும் டச்சு மொழியில் சொல்வார்கள்.

எந்த வாரம் போகலாம்? வெளி வயல்களும் உள் தோட்டமும் சேர்ந்து பார்க்க ஏப்ரல் நடுவிலிருந்து கடைசி வரை. மார்ச் கடைசியில் போனால் டாஃபடிலும் ஹையசிந்தும் இருக்கும், துலிப் குறைவு. மே பிறந்துவிட்டால் தோட்டத்துக்குள் பூ நிற்கும், வெளியே பெரும்பாலும் தலை வெட்டியிருப்பார்கள். குளிர் நீண்டால் எல்லாமே பத்து நாள் தள்ளிப் போகும். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நோர்ட்வைக்கிலிருந்து ஹார்லெம் வரை மலர் ஊர்வலம் போகிறது, 42 கிலோமீட்டர். தேர்கள் பார்க்க வேண்டியவை. ஆனால் அன்றைக்குத் தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று கைக்குழந்தையோடு கிளம்பாதீர்கள், ரோடெல்லாம் அடைபட்டுவிடும். சாதாரணச் செவ்வாய், புதன் கிழமைதான் குடும்பத்துக்கு நல்லது.

இன்னொரு காலைப்பொழுது கையில் இருந்தால் ஆல்ஸ்மீர் மலர் ஏலத்தைப் பாருங்கள், ஆம்ஸ்டல்வேனுக்குப் பக்கம்தான். வேலை நாட்களில் காலையில் பார்வையாளர்களை விடுகிறார்கள். மேலே நடைபாதையில் நடந்துகொண்டே கீழே பூ வண்டிகள் ரயில் பெட்டிகளாகத் தொடர்ந்து ஓடுவதைப் பார்க்கலாம். நம் ஏலத்தில் விலை ஏறும், அவர்கள் ஏலத்தில் மேலிருந்து இறங்கும். முதலில் கை வைக்கிறவனுக்குச் சரக்கு. சீக்கிரம் எழுந்தாக வேண்டும் என்பதால் பிள்ளைகள் முனகுவார்கள். தாத்தாக்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடைசியாக, கிழங்கு. தோட்டக் கடையில் படம் போட்ட பொட்டலங்களைப் பார்த்ததும் ஊருக்கு நாலு வாங்கிப் போகலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். என் வீட்டம்மாவுக்கும் தோன்றியது, ஹையசிந்த் பொட்டலத்தைக் கையில் எடுத்தேவிட்டார். பெட்டியில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் நடவுக் கிழங்கு உள்ளே வரக் கூடாது. கொண்டுவந்தாலும் சத்தியமங்கலத்தில் பூக்காது; பூ மொட்டு சரியாக எழும்பி வர, மாதக்கணக்கில் அதற்குக் குளிர் வேண்டும். பொட்டலத்தை மகள் வாங்கிக்கொண்டாள். அக்டோபரில் அவள் வீட்டு மாடித் தொட்டியில் நட்டாகிவிட்டது. எத்தனை அங்குல ஆழம் என்று அப்பாவிடம் கேட்காமல் பேத்தியிடம் கேட்டு.